நாற்பது பேராக இருந்தவள்

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் படிகளில் முட்டி மோதி இறங்கிப் போன பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறவர் பெஞ்சு இழுக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அதுவும் ஓய்ந்ததும் மேல்மாடி அறிவியல் அறையில் டீச்சர் பீரோவைத் திறப்பாள். உள்ளே நாற்பது டேப்லெட்டுகள். ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. அவற்றை மேசைகள்மேல் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாக உயிர்ப்பிப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் முகம் வரும். பள்ளி திறந்த வாரத்தில் எடுத்த படம். சிலது முறைக்கும், சிலது சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும். ஆளில்லாத அறையில் எட்டாம் வகுப்பு முழுவதும் வந்து உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு பிள்ளையாகவும் மாறிப் பாடம் படிப்பாள்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். டேப்லெட்டுகள் வந்த அன்று ஹெச்.எம். அவற்றைத் தன் அறையில் அடுக்கிவைத்துப் பெருமையோடு பார்த்தார். பின்னாலேயே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் தினமும் பயன்படுத்த வேண்டும். ஒன்று உடைந்தாலும் பள்ளியே பொறுப்பு. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே தாளில் எழுதியவர் வகுப்பறைக்குள் நுழைந்து எத்தனை காலம் ஆகியிருக்குமோ. நாற்பது பிள்ளைகள் கையாளும் எந்தப் பொருளும் ஒருநாள் உடையும். உடையாமல் இருக்க ஒரே வழி, கையில் கொடுக்காமல் இருப்பது. ஹெச்.எம். கெட்டவர் அல்ல, பயந்தவர். பூட்டி வைத்தார்.

ஆனால் மேலிடத்தில் ஒரு பெரிய திரை இருந்தது. பாடம் முடித்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அது ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறம் கொடுக்கும். பச்சை நல்ல பள்ளி. சிவப்பு என்றால் ஹெச்.எம்.முக்குப் போன் வரும். ஒரு வாரம் சிவப்பு எரிந்தது. அப்போதுதான் அவர் டீச்சரைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்காந்து நீங்களே பாடத்தை எல்லாம் முடிச்சு விட்டுடுங்களேன் டீச்சர். விரலால தட்டுறதுதானே."

"நானா? படிக்க வேண்டியது பிள்ளைங்க சார்."

"படிப்பாங்க, படிப்பாங்க. இந்தப் பருவம் முழுக்கப் பச்சை காட்டினா ரிப்பேருக்குன்னு தனியா நிதி தர்றாங்களாம். அது வந்த அன்னைக்கே பீரோவைத் திறந்து விடுறேன்."

"அதுவரைக்கும் பொய்க் கணக்கா?"

"எல்லாப் பள்ளியிலயும் நடக்கறதுதான். மத்தவங்களைக் கேக்க முடியாது, ஆளாளுக்குப் புருஷன் பிள்ளைன்னு ஓடுவாங்க." சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார். "உங்களுக்குத்தான் வீட்டுல யாரும் காத்திருக்க மாட்டாங்களே."

உண்மைதான். இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. ஒரு நாற்காலியில் துணி கிடக்கும், இன்னொன்றில் அவள் உட்காருவாள். முன்பு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். "ஏன்?" என்று கேட்டாள். பதிலும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு மிச்சம் இருப்பது வேறு ஊரில் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "சாப்பிட்டியாக்கா?" "சாப்பிட்டேன்டா." "உடம்பு?" "இருக்குடா." அதற்குமேல் இரண்டு பக்கமும் சொல்ல எதுவும் இருக்காது. அவன் வைத்துவிட்ட பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்பாள்.

பள்ளியில் அவளுக்கு 'ஆதாரம்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்பவள். தும்மினால் காரியம் கெடும் என்று சொன்ன கணக்கு டீச்சரை ஒரு வாரம் தும்மல் கணக்கு எழுத வைத்தவள். புத்தகங்களைத் தின்பவள். அப்படிப்பட்டவள் பொய் ஆதாரம் தயாரிக்க எப்படி ஒப்புக்கொண்டாள்? பிள்ளைகளுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. அந்த நாற்காலிக்குச் சாயங்காலத்தில் திரும்பிப் போக வேண்டாம் என்பது மீதிப் பாதி.

முதல் வாரம் எல்லாக் கேள்விக்கும் சரியான விடையைத் தட்டினாள். நாற்பது பேரும் நூற்றுக்கு நூறு. ஹெச்.எம். ஓடி வந்தார். "என்ன டீச்சர், எல்லாரும் விஞ்ஞானியா? நடுநடுவே கொஞ்சம் தப்பும் போடுங்க. அப்பத்தான் நம்புற மாதிரி இருக்கும்."

வேலை அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பிடித்துப்போனது. வாய்க்கு வந்தபடி தப்புப் போட அவளால் முடியாது. எந்தப் பிள்ளை எங்கே தப்பும் என்று யோசித்துப் போடுவாள். வகுப்பில் 'ரேடியோ' என்று ஒரு பையன், நிறுத்தவே முடியாத வாய். "நீ கேள்வியை முழுசா படிக்க மாட்டியே" என்று அவன் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒன்றிரண்டு கேள்விகளுக்கு முதல் விடையையே அழுத்துவாள். பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி. அவனுக்குக் கடைசிக் கேள்விகள் வெறுமையாகவே இருக்கும். ஜன்னலோரத்தில் உட்காரும் பெண் ஒருத்தி. மூன்று வருடமாக டீச்சரிடம் படிக்கிறாள், ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை. அவளுக்கு எதுவும் ஏறவில்லை போலிருக்கிறது என்று பாதிக்குமேல் தப்பாகவே தட்டுவாள்.

கதவருகே வாட்ச்மேன் எட்டிப் பார்ப்பார். "யாரோட பேசிட்டிருக்கீங்க டீச்சர்?"

"என் கிளாஸோட."

"அதுங்கதான் அப்பவே போயிடுச்சே."

"எனக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். சிரித்துவிட்டு அவள் அடுத்த முகத்துக்குப் போவாள். நாள் முழுவதும் இவ்வளவு பேசியதில்லை என்று சில மாலைகளில் தோன்றும்.

பருவம் முடியும் சமயத்தில் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பள்ளி நேரம் முடிந்த பிறகும் ஆர்வத்தோடு தங்கிப் படிக்கும் மாணவர்களாம். எந்த நேரத்தில் பாடம் ஓடியது என்பதையும் திரை பதிந்துவைத்திருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. இந்த அதிசயத்தை நேரில் பார்க்க ஓர் அதிகாரி மறுநாள் வருகிறார். ஹெச்.எம். ஒரே சமயத்தில் சிரித்தார், வியர்த்தார்.

"இன்னைக்கு ஒரு பீரியடு கையில குடுத்து ஒத்திகை பாத்துடுங்க. எப்படிப் பிடிக்கறதுன்னாவது தெரியட்டும். மெதுவா டீச்சர், மெதுவா!"

அப்படித்தான் அந்தப் பிள்ளைகள் தங்கள் டேப்லெட்டுகளை முதன்முதலாகத் தொட்டார்கள். வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து பார்த்துவிட்டுப் போனார். தூங்குமூஞ்சி விழித்திருந்தான். ரேடியோ பிளாஸ்டிக் தாளைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். டீச்சர் தடுக்கவில்லை. நடுவில் நின்றுகொண்டு, இந்தச் சத்தம்தான் மாலைகளில் இல்லாமல் போயிற்று என்று நினைத்தாள்.

சத்தம் திடீரென்று வேறு மாதிரி ஆனது.

"டேய், நான் எல்லாப் பாடத்தையும் முடிச்சிட்டேனாம்!"

"எனக்குத் தொண்ணூத்தியொண்ணுடா! எங்க அம்மாகிட்ட காட்டணும்!" இது ரேடியோ.

"நீயா? தொண்ணூறா? மெஷின் ரிப்பேர்டா."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஜன்னலோரப் பெண் எழுந்து டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி மேசைக்கு வந்தாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இதை யாரு டீச்சர் போட்டது?"

சாயங்காலம் மரத்தின் நிழல் ஏன் நீளமாகிறது என்ற கேள்வி. 'சூரியனின் வெளிச்சம் குறைவதால்' என்ற விடையின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"ஏம்மா?"

"இது தப்பு. சூரியன் கீழ இறங்கினா வெளிச்சம் சாய்ஞ்சு வருது, அதான் நிழல் நீளுது. நீங்கதானே சாக்பீஸை நிக்க வெச்சு டார்ச் அடிச்சுக் காட்டினீங்க. எனக்குத் தெரியும். நான் இப்படிப் போட மாட்டேன்."

"தெரியும்னா ஏன் ஒருநாளும் கை தூக்கினதில்ல?"

"நீங்க என்னைக் கேட்டதே இல்லையே."

குறை சொல்வதுபோல் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். டீச்சருக்குக் காது மடல் சுட்டது. வாழ்க்கை முழுவதும் அடுத்தவர்களிடம் ஆதாரம் கேட்டவள், இந்தப் பெண்ணுக்கு மூளை இல்லை என்று முடிவுகட்ட ஓர் ஆதாரமும் கேட்கவில்லை. பூட்டியது ஹெச்.எம். தான். பூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, உனக்கு இவ்வளவுதான் தெரியும் என்று மாலைதோறும் எழுதிவைத்தது யார்?

"நான்தான் போட்டேன்" என்றாள். "எல்லாரோடதையும் நான்தான் போட்டேன்."

நாற்பது பேரும் பார்த்தார்கள்.

"எங்களை மாதிரி நடிச்சீங்களா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா. தப்பு. இதை இப்பவே அழிச்சிடலாம், என் பாஸ்வேர்டுல அழிக்க முடியும். அழிச்சா மேலிடத்துல நம்ம பள்ளி சிவப்பாயிடும். நாளைக்கு அதிகாரி வர்றப்ப ஒரு பாடமும் முடிஞ்சிருக்காது. உங்க பேர்ல இருக்கறது, அதனால உங்களைக் கேக்கறேன்."

ரேடியோ மெல்லக் கேட்டான். "என் தொண்ணூத்தியொண்ணும் போயிடுமா?"

"அது உன்னோடது இல்லடா."

அவன் திரையிலிருந்த எண்ணை விரலால் தடவினான். "வயிறு எரியுது டீச்சர். ஆனா போகட்டும்."

ஜன்னலோரப் பெண் தன் டேப்லெட்டை முதலில் நீட்டினாள்.

மணி அடிப்பதற்குள் ஹெச்.எம்.முக்குப் போன் வந்துவிட்டது. அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து வராந்தாவுக்கு அவளைக் கூப்பிட்டார்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு? ஒரு பருவத்து வேலை! விடிஞ்சா ஆபீசர் வாசல்ல நிப்பாரு!"

"நிக்கட்டும் சார். அவர் பாக்க வர்றது பிள்ளைங்க படிக்கறதைத்தானே? படிப்பாங்க, பாக்கட்டும்."

"நிதி போச்சு. பேர் போச்சு. எல்லாத்துக்கும் யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். பீரோ சாவியை மட்டும் திரும்பக் கேக்காதீங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு தணிந்த குரலில், "நீங்க தனியா இருக்கீங்க, எதையும் இழுத்துப் போட்டுக்குவீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு டீச்சர்" என்றார்.

மறுநாள் அதிகாரி வந்தபோது பிள்ளைகள் முதல் பாடத்தின் முதல் பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒலியைக் கூட்டிவிட்டுக் குறைக்கத் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பையிலிருந்த பாராட்டுத் தாளை எடுக்காமலே அவர் வகுப்பைப் பார்த்தார். எல்லாவற்றையும் டீச்சரே சொன்னாள், யார் சொல்லிச் செய்தாள் என்பதைத் தவிர. ஹெச்.எம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

ஒரு பொய்க்கு ஒரு ஆள் சிக்கினால் போதும், விசாரணை முடிந்துவிடும். உடையக் கூடாது, ஆனால் தினமும் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. டீச்சரிடம் கேட்டார்கள். எட்டாம் வகுப்பை அவளிடமிருந்து எடுத்துப் புதிதாக வந்த இளம் டீச்சரிடம் கொடுத்தார்கள். பழைய டீச்சர் கீழ்த்தளத்துச் சின்ன வகுப்புகளுக்குப் போக வேண்டும், கருவிகளைத் தொடக் கூடாது. டேப்லெட்டுகள் மட்டும் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டன. தன் கண்ணெதிரே ஓடிய வகுப்பை நிறுத்தச் சொல்ல அதிகாரிக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் அவளைச் சுற்றி இடம் காலியானது. வருடக்கணக்காக எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட கணக்கு டீச்சர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். "உன் நேர்மை உன்னோட. எங்க எல்லாருக்குமில்ல சிவப்பு மை விழுந்துச்சு" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. டீச்சர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள்.

ஒருநாள் மேல்மாடி வராந்தா வழியாகப் போக நேர்ந்தது. எட்டாம் வகுப்பில் பெரிய சண்டை. ஏதோ ஒரு கேள்விக்கு எது விடை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இளம் டீச்சர் "ஒவ்வொருத்தரா! ஒவ்வொருத்தரா!" என்று மேசையைத் தட்டினாள். யாரும் கேட்கவில்லை. ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது. அது யாருடையது என்று எட்டிப் பார்க்காமல் டீச்சர் நடந்தாள். பார்த்தால் நின்றுவிடுவாள். நின்றால் உள்ளே போய்விடுவாள்.

கடைசி மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாக இறங்கினாள். தெருவில் இன்னும் நல்ல வெயில். வீட்டைத் திறந்தால் அறைக்குள் பாதிவரை வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த நேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்து நாளாகிவிட்டது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றாள். பிறகு காலையில் கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.