சிவப்புத் தட்டில் போன வால்வு

சம்பந்தி வீட்டுக்குப் போவதென்றால் அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவாள். மாப்பிள்ளை தங்கமானவர், மகளுக்கும் ஒரு குறையில்லை. மாப்பிள்ளையின் அப்பாதான் பிரச்சினை. பல் கட்டும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குப் பாட்டுக் கேட்கும் பைத்தியம். முன்னறையில் பாதியை ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியில் குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து, அந்தக் காலத்து ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வின் பெருமையை அளக்கத் தொடங்கிவிடுவார்.

அவளுக்கோ வால்வு என்ற பேச்சே ஆகாது. ஏன் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சம்பந்தம் பேசும்போது, அம்மா பல்பு கம்பெனியில் வேலை பார்த்தவள் என்று மகள் சொல்லிவைத்தாள். அவளும் அதைத் திருத்தவில்லை.

அது பல்பு கம்பெனி இல்லை, வால்வு கம்பெனி. வாழ்க்கையில் பாதியை அங்கே ஒரு நீள மேசையில், பூதக்கண்ணாடிக்கு முன்னால் கழித்தவள் அவள். கண்ணாடிக் குப்பிக்குள் போகிற கூண்டைக் கட்டுவது வேலை. தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் தகட்டை வைத்து, தகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதுகளை கண்ணாடித்தாள் போன்ற மைக்காத் துண்டின் துளைக்குள் நுழைத்து, இடுக்கியால் ஒரு திருகு திருக வேண்டும். மூச்சு பலமாக விட்டால்கூடக் கம்பி ஆடிவிடும். எல்லாரும் வலப்பக்கம் திருகினார்கள். அவள் இடதுகைக்காரி, அவள் திருகினால் இடப்பக்கம்தான் போகும். மாற்றிக்கொள்ளப் பார்த்தாள், கம்பி வளைந்ததுதான் மிச்சம்.

‘நொட்டாங்கை’ என்று பெயர் வைத்தார்கள். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஆனால் சூப்பர்வைசர் அவள் கட்டியவற்றை மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு தட்டில் தனியாக வைக்கச் சொன்னார். சாயங்காலம் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கே போகிறது என்று அவர் சொல்லவில்லை, கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. குப்பைக்குத்தான் போகும், பிள்ளைக்குட்டிக்காரி என்று இரக்கப்பட்டு வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த எண்ணம் மட்டும் மனசில் முள்ளாகவே கிடந்தது. அத்தனை வருஷமும் குப்பையைத்தானா கட்டிக்கொண்டிருந்தோம்?

அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம் சூடு பிடித்திருந்தது. இப்போது தயாராகிற புது வால்வு ஒன்றை மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்திருந்தார். அதைத் தன் ஆம்ப்ளிஃபயரில் சொருகவே விடமாட்டேன் என்றார் பெரியவர். அப்படியானால் திரும்பி உட்காருங்கள், நான் மாற்றி மாற்றிப் போடுகிறேன், எது எது என்று சொல்லுங்கள் என்றார் மாப்பிள்ளை. பெரியவர் விடுவாரா? சின்னக் கோளாறு இருந்தாலும் தன் காதுக்குத் தப்பாது என்று மார்தட்டிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை அப்பாவிடம் இருந்த பழைய வால்வுகள் இரண்டையும் புதியது ஒன்றையும் ஒரு துணியில் வைத்து, “அத்தை, கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்று அவள் மடியில் கொடுத்தார்.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் அவற்றின் மேல் போய் விழுந்துவிட்டது. புதியதில் காதுகள் அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று மாறாமல் இருந்தன. நல்ல வேலைதான் என்று மனசு ஒப்புக்கொண்டது. பழையதில் ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். வலப்பக்கத் திருகு. அடுத்ததைத் தூக்கினாள். கண்ணாடியில் கம்பெனியின் பெயர் பாதி அழிந்திருந்தது. உள்ளே அத்தனை காதுகளும் இடப்பக்கம் திருகியிருந்தன.

அவளுடைய திருகு. இது எப்படி வெளியே வந்தது? குப்பையிலிருந்து எவனாவது பொறுக்கி விற்றிருப்பானோ? இப்போது இதைப் போட்டதும் அந்த மனிதர் முகத்தைச் சுளித்து, இது என்ன கோளாறு வால்வு என்று கேட்டுவிட்டால்? மடியிலிருந்து நழுவிவிட்டது என்று சொல்லி அங்கேயே உடைத்துவிடலாம். ஒரு கணம் அதற்கும் துணிந்தாள்.

புதியதைப் போட்டதும் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் திட்டவில்லை. குரல் பளிச்சென்று முன்னால் வருகிறது, தாளம் கொஞ்சம் கூர்மை, இவ்வளவு நன்றாகச் செய்கிறார்களா என்று வியந்தார். அடுத்து வலத் திருகு. குரல் உருண்டு, அறை முழுக்கப் பரவியது. பழையது என்று உடனே சொன்னார். மாப்பிள்ளை மூன்றாவதுக்காகக் கையை நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

வால்வுக்குள் கம்பி சூடேறி மெல்லச் சிவந்தது. காற்றே இல்லாத அந்தக் குப்பிக்குள், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்திய சுருளுக்கு நடுவிலிருந்து, எங்கோ எப்போதோ பாடிய ஒரு பெண் எழுந்து வந்தாள். அந்தப் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இதற்காகவா அந்தக் கம்பி அவ்வளவு மெல்லியதாக இருந்தது?

பெரியவர் ஒரு அடி முழுக்கக் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, “என்னடா ஏமாத்தப் பாக்குறியா? மாத்தவே இல்ல நீ. அதேதான் ஓடுது” என்றார்.

மாற்றிவிட்டேன் என்று மாப்பிள்ளை அடித்துச் சொன்னார். அவர் நம்பவேயில்லை.

“மாப்பிள்ளை மாத்திட்டாரு, சம்பந்தி” என்றாள் அவள். “அது நான் கட்டினது. இந்தக் கையால.” எப்போதும் முந்தானைக்குள் வைத்திருக்கும் இடதுகையை நீட்டிக் காட்டினாள்.

பெரியவர் திரும்பினார். அந்தக் கையைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து, ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவில் இருக்கும், யாரையும் உட்கார விடாத தன் இடத்தைக் காட்டினார்.

“இங்க உக்காருங்க சம்பந்தியம்மா. முதல்லேருந்து போடுறேன்.”

“போடுங்க,” என்றாள் அவள். “இதுல என்ன கேக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”