என் அண்ணன் பார்த்தால் தோற்றுவிடும் அணி

சிக்காகோ மைதானத்தில் என் அண்ணன் வெண்டல் ஒன்றுக்குப் போக எழுந்தான் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. அவன் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், எங்கள் கிளீவ்லாண்ட் அணி அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான். எங்கள் ஆள் ஒருவன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டான். என் வீட்டுக்காரர் ராய்ஸ் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"மச்சான், உனக்கு மறுபடி வரலையா?"

"இப்பத்தானே போயிட்டு வந்தேன் மாப்ள."

"அப்போ போய் ஒரு பீர் வாங்கிட்டு வா. அவசரமே இல்ல, மெதுவா வா."

அண்ணன் போனான், நாங்கள் ஜெயித்தோம். அதோடு சட்டம் போட்டாகிவிட்டது. பேஸ்பால் பைத்தியங்களுக்கு வேறு அத்தாட்சி எதற்கு? ஜெயிக்கும்போது எதையும் மாற்றக்கூடாது. ராய்ஸ் போட்டிருந்த சட்டையை அதற்கப்புறம் துவைக்கவில்லை. அவருடைய சிநேகிதர் டாரல், முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர், அதே காலுறையோடு திரிந்தார். அணி ஆடுகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போக நாங்கள் எடுத்த வேனில் யார் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கேதான் கடைசிவரை. நான் ஓட்டினேன், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய கைதானே. அண்ணனுக்குப் பின்சீட்டில், ஐஸ் பெட்டிக்கும் டாரலின் பெரிய தொடைக்கும் நடுவில் ஓர் இடுக்கு. ஒஹாயோவில் ஏறியவன் சியாட்டில்வரை அதில்தான் மடங்கிக் கிடக்க வேண்டும்.

இந்த ஊர்சுற்றலே அவனுக்காகத்தான். ஆனால் அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். மார்ச் மாதம் கண் டாக்டரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்ந்துகொண்டு வருகிறது, அடுத்த கோடைக்கு எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது என்றார் டாக்டர். வெளியே வந்து காரில் ஏறியதும் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"யாருக்கும் சொல்லாதே லோர்னா. சொன்னா எல்லாரும் ஆட்டத்தை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்துட்டு இருப்பாங்க. நான் ஒரு ஆட்டத்தை முழுசா, மொத பந்துலேருந்து கடைசி பந்துவரைக்கும் பாக்கணும். அவ்வளவுதான்."

அறுபத்தாறு வயசில் ஒருத்தனுக்கு இது ஓர் ஆசையா என்று கேட்பீர்கள். அவன் கதை அப்படி. சின்ன வயசில் அப்பா தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பார். வெண்டல் உள்ளே வந்தால் எங்கள் அணி சொதப்பும். "வந்துட்டான்யா ராசிக்காரன்! கீழ போடா" என்பார் அப்பா. கீழே என்றால் நிலவறை. அங்கே ஒரு பழைய ரேடியோ இருந்தது. வளர்ந்து அவன் பிடித்த வேலையும் அப்படியே அமைந்தது: வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்ப்பது. ஊரில் உள்ள நிலவறைகளில் எல்லாம் மண்டியிட்டுக்கொண்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்து ஆட்டம் கேட்டான். கல்யாணமும் கூடிவரவில்லை. அப்பா செத்த பிறகாவது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தானா? இல்லை. தான் பார்த்தால் தோற்பார்கள் என்று அவனே நம்பிவிட்டான். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மினியாபொலிஸில் இரண்டாவது இன்னிங்ஸிலேயே அவனை எழுப்பி அனுப்பினார்கள். நான் பின்னாலேயே போனேன். படிக்கட்டுக்கு அடியில், சாஸேஜ் வாசனையும் கடுகு வாசனையும் அடிக்கிற நடைபாதையில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, உனக்கு வெக்கமா இல்ல? அவங்க போன்னா போயிடுவியா?"

"ஜெயிக்கிறாங்கல்ல."

"ஜெயிச்சா உனக்குக் கண்ணு வந்துடுமா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. "நான் உள்ள போய் அவங்க தோத்துட்டா, அந்த வேன்ல எப்படி உக்காருவேன் சொல்லு" என்றான்.

டென்வரிலும் அதே கூத்து. மலை தெரிகிற மைதானம், அப்படி ஒரு வானம். என் அண்ணன் பார்த்ததோ கழிவறை வரிசை. ஜெயித்துவிட்டு வந்த ராய்ஸ் அவன் முதுகில் தட்டி, "மச்சான், நீதான்டா எங்க சாமி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வயோமிங்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். டாரலும் அண்ணனும் காபி வாங்கப் போயிருந்தார்கள். ராய்ஸ் அந்த நாற்றச் சட்டையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு விசிலடித்தார். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா? அவனுக்குக் கண்ணு போகுது. அடுத்த வருஷம் பந்தே தெரியாது. பாக்கணும்னு வந்தவனைக் கக்கூஸ் வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க!"

விசில் நின்றது. "யாரு சொன்னா?"

"டாக்டர். மார்ச் மாசமே."

"அடிப்பாவி, எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சத்தியம் வாங்கிட்டான். இப்ப அதையும் மீறிட்டேன்."

ராய்ஸ் குழாயை மாட்டிவிட்டு வேனில் ஏறினார். ஐடஹோ முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சட்டையை மட்டும் மாற்றவில்லை. திருந்தாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

சியாட்டிலில் பகலாட்டம். ராய்ஸ் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து, அண்ணனை நடுநாற்காலியில் தள்ளினார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் டாரல். டாரலிடமும் சொல்லியிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் தலை குனிந்துகொண்டேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் அவனே எழுந்தான். "பீர் வாங்கிட்டு வரேன்."

"வேணாம்."

"ஒன்னுக்கு வருது மாப்ள."

"அடக்கிக்கோ."

ஆறாவதில் எழுந்தான், ஏழாவதில் எழுந்தான். ஒவ்வொரு முறையும் நான்கு முழங்கால்கள் குறுக்கே நின்றன. நிலவறையிலாவது அவன் நடமாட முடிந்தது. இங்கே நாற்காலியோடு கட்டிப்போட்ட மாதிரி வியர்த்து வழிந்தான். எதிரே பந்து வரும்போதெல்லாம் தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பிடித்துப் பிடித்துப் பார்த்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. சியாட்டில்காரர்கள் கையில் மட்டை. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒருத்தனை வீழ்த்தினால் போதும். அதற்குள் அவர்களில் இரண்டு பேர் தளத்தில் ஏறி, ஓட்டம் எடுக்கத் தயாராக நின்றார்கள். மைதானமே எழுந்து கத்தியது. அண்ணன் ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை விடு மாப்ள. உன் கால்ல விழறேன். நான் பாத்தா போயிடும்."

"போனா போகட்டும். உக்காரு."

"ஏன்டா இப்படிப் பண்றே? நீ எவ்வளவு ஆசைப்பட்டே!"

"தோத்துத் தொலையட்டும்டா! உக்காந்து பாரு!" என்று கத்தினார் ராய்ஸ். என் கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது கண்ணீர் தாடையில் ஓடியது.

பந்து வந்தது. மட்டையில் பட்ட சத்தம் கேட்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உயர ஏறி, வெயிலில் மிதந்து, இடப்பக்கச் சுவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தது. அவர்கள் மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள், நாங்கள் தோற்றோம். டாரல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அண்ணன் மட்டும் நின்றிருந்தான். கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அடி மாப்ள!" என்றான். "படுபாவிப் பய, என்னமா அடிச்சான்! பாத்தியா நீ?"

ராய்ஸ் அழுக்குச் சட்டையால் முகத்தைத் துடைத்தார். "நான் கண்ணை மூடிக்கிட்டேன் மச்சான். பாக்கத் தைரியமில்ல. எப்படிப் போச்சுன்னு சொல்லு."

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.