மாப்பிள்ளை எடுத்த நகல்

லாண்டரியில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முதலாளியம்மாவின் பெண்ணைக் கட்டியதைத் தவிர எதையும் அவர் உருப்படியாகச் செய்து முடித்ததில்லை. இருந்த வேலையெல்லாம் போன பிறகு, கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இங்கயும் சொதப்பினீங்கன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்கே போயிடுங்க."

துணியில் வெறும் எண்தான் குத்தியிருக்கும். எந்த எண் யாருடையது என்பது டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரியும். அதற்கு நகல் எடுத்து வைப்பது மாப்பிள்ளையின் வேலை. கடை மும்முரமாக நடக்கும்போதே கோப்புகளை அப்படியே அள்ளி இன்னொரு டிஸ்க்கில் போட்டுவிட்டு, "பேக்கப் ஆச்சு" என்பார். கணினி எழுதிக்கொண்டிருக்கையில் அள்ளினால் பாதி பழசும் பாதி புதுசுமாகத்தானே வரும்? ஒருமுறை அதை வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. லேப்டாப்தான் மக்கர் என்று அதைத் திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டில் அந்த நகலுக்கு என்ன வேலை? வம்புதான். யார் வீட்டுப் படுக்கை விரிப்பு எத்தனை தடவை வெளுக்க வருகிறது என்று பார்க்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. கடைக்காகப் படிக்காததை இதற்காகப் படித்தார். டேட்டாபேஸ் தானே முழுசாக நகல் எழுதித் தரும் வசதியைக் கண்டுபிடித்து, தினமும் சாயங்காலம் ஒன்று எடுத்துப்போய், வீட்டில் ஏற்றி ரசித்தார்.

ஒரு நாள் காலையில் கடையின் டிஸ்க் மண்டையைப் போட்டது. பேக்கப்பும் திறக்கவில்லை. மலையாகக் குவிந்த துணி யாருடையது என்று தெரியவில்லை, வாசலிலோ ஒரே சத்தம். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் மானம் போகும், மூடினால் மனைவி போய்விடுவாள்.

"அத்தை... வீட்டுல ஒரு நகல் இருக்கு."

"வீட்டுல எதுக்கு மாப்பிள்ளை?"

சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை பழைய டிஸ்க்கைத் தொடாமல், அந்த நகலைப் புதியதில் தனியாக ஏற்றி, குவியலிலிருந்து சில சட்டைகளை உருவி எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் கடையை ஓடவிட்டார். அன்று காலை வந்த துணிகளை மட்டும், வாசலில் நின்றவர்களிடமே கேட்டு மறுபடி பதிந்தார்கள்.

கடை மூடியதும் மனைவி உள்ளறைக்கு வந்தாள். மாப்பிள்ளை பெட்டியைக் கட்ட மனத்தளவில் தயாராகிவிட்டார்.

"இனிமே அது வீட்டுக்கு வரக் கூடாது. தினமும் இங்கயே ஏத்தி, என் முன்னாடி திறந்து காட்டணும்."

"சரிம்மா."

அவள் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"ம், முதல்ல அந்த வக்கீல் வீட்டுக் கணக்கைத் திறங்க."