மூட்டையின் இடது கை

1. எண்ணிக்கை

நானூறு பொம்மைகளும் பேக்கிங்குக்குத் தயாராகி அடுக்கி வைக்கப்பட்ட பிறகுதான், ஒவ்வொன்றின் இடது கையிலும் இரண்டு விரல் ஜாஸ்தி என்று எனக்குத் தெரிந்தது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் புதுக் குடியிருப்பில், பதினெட்டு வருடம் ரெசின் பட்டறை நடத்தினேன். சிலிகானில் மோல்டு எடுப்போம், ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து ஊற்றுவோம், காய்ந்ததும் பிரித்து அரம் போட்டு பெயின்ட் அடிப்போம். மலை வடிவத்தில் பேப்பர் வெயிட், சின்ன நந்தி, கார் டேஷ்போர்டில் ஒட்டும் தீபம் என்று பெரும்பாலும் கோயில் கடைகளுக்குப் போகும் சாமான்கள்தான். இப்போது பட்டறையைக் கலாவதி பார்த்துக்கொள்கிறாள். என்னிடம் பதினைந்து வருடம் வேலை செய்தவள். மோல்டு போடுவதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவளிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வாள். நான் எழுத நினைத்தது இந்த ஒரு ஆர்டரைப் பற்றி.

சென்னையிலிருந்து மாதாமாதம் வரும் ஒரு காமிக்ஸ் உண்டு. பெயர் ‘ஆகாய லாரி’. கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு பழைய விண்கலம், அதை ஓட்டும் ரேணு என்ற பெண், மூட்டை தூக்கும் ஒரு ரோபோ. ரோபோவின் பெயரே மூட்டை. இருபது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு இருந்துகொண்டு அதே காமிக்ஸைப் படிக்கிறார்கள். அதன் எடிட்டர், புத்தகக் கண்காட்சியில் விற்பதற்காக மூட்டை பொம்மை நானூறு வேண்டும் என்று கேட்டு, ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். நான் அந்தக் காமிக்ஸைக் கையில்கூட எடுத்ததில்லை. படத்தைப் பார்த்தேன், களிமண்ணில் மாஸ்டர் உருவம் செய்தேன், சாம்பிளை போட்டோ எடுத்து அனுப்பினேன். “சூப்பர், ஓகே” என்று பதில் வந்தது. வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

2. செங்கம் ரோடு மாடி

நம் ஊரிலேயே அந்தக் காமிக்ஸுக்கு ஒரு வாசகர் குழு இருக்கிறது என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நடத்துபவர் நிர்மலா மேடம், கலெக்டர் ஆபீசில் சர்வே பிரிவில் வேலை. குழுவுக்கு முன்கூட்டியே எடிட்டரிடம் இருபத்தைந்து பொம்மை சொல்லி வைத்திருந்தார். செய்வது நம் ஊர்ப் பட்டறைதான் என்று அவர் மூலம் தெரிந்துகொண்டு, “ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்களேன், எல்லாரும் பார்க்கட்டும்” என்று கூப்பிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி இருக்கும் ஒரு காபிக் கடை மாடியில் கூடுவார்கள். பௌர்ணமி வரும் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுவார்கள். கிரிவலக் கூட்டத்தில் அந்தப் பக்கம் வண்டி நகராது.

நான் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. போன வருடம் வந்த காபி கப்பில் விண்கலத்தைப் பச்சையாக அடித்துவிட்டார்களாம்.

“அது பச்சை இல்லீங்க. துரு ஏறின நீலம். ஆறாவது இதழ்லயே ரேணு சொல்லியிருக்கா” என்றார் நிர்மலா மேடம்.

“கப்பை விடுங்கோ. டீ ஷர்ட் ஒரு தடவை தோய்ச்சதுமே ரேணு முகம் போயிடுத்து. அதை யாரும் கேக்க மாட்டேங்கறேளே” என்றார் கணேச குருக்கள். கோயிலில் காலைப் பூஜை முறையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். விபூதி இன்னும் காயவில்லை. மடியில் பழைய இதழ்களின் பைண்டு வால்யூம் இருந்தது.

நான் பொம்மையை மேஜையில் வைத்தேன். சத்தம் நின்றது. குருக்கள் குனிந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. இடது கையிலே மூணு விரல்தான் இருக்கணும்.”

வால்யூமைத் திறந்து காட்டினார். அறுபதாவது இதழ். விண்கலத்தின் சரக்குக் கதவு பழுதாகித் திறந்துகொள்கிறது. உள்ளே ரேணு இருக்கிறாள். மூட்டை கையாலேயே கதவை இழுத்துச் சாத்துகிறது. இரண்டு விரல் கதவில் மாட்டிப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வந்த எல்லா இதழிலும் அதற்கு மூன்று விரல்தான். எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் மெக்கானிக் புது விரல் மாட்டித் தரவா என்று கேட்பான். மூட்டை வேண்டாம் என்று தலையாட்டும். ஏன் வேண்டாம் என்கிறது என்பதைக் கதை எழுதுகிறவர் இன்றுவரை சொல்லவில்லை.

“ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேர்ந்து வரும்? வேற ஒரு மூட்டையைப் பிரிச்சாத்தானே வரும்? அதான் வேணாங்குது” என்றார் நிர்மலா மேடம்.

“அப்படி இல்லே. புது விரல் போட்டுண்டா அந்தக் கதவு மறந்துபோயிடும்னு அதுக்கு பயம்” என்றார் குருக்கள்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பட்டறையில் அடுக்கியிருக்கும் நானூறும்தான் கண்ணில் நின்றது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் பேசாமல் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழுமலை. அடி அண்ணாமலையில் விவசாயம், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கரும்பு ஜூஸ் கடை. அவருடைய வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எல்லாரும் அப்படித்தான் இருப்போம்.

“இது கதவு சாத்தறதுக்கு முந்தி இருந்த மூட்டை, அக்கா” என்று சொல்லிவிட்டுப் பொம்மையைக் கீழே வைத்தார்.

3. எடிட்டரின் முடிவு

கீழே இறங்கியதும் எடிட்டருக்குப் போன் போட்டேன்.

“அடடா, பழைய படத்தை அனுப்பிட்டேனா? பரவாயில்ல விடுங்கம்மா. யாரு விரலை எண்ணிப் பார்க்கப் போறாங்க?”

“சார், இங்க இருபது பேர் எண்ணிட்டாங்க சார்.”

அதற்கு அவர், “மறுபடி ஊத்த டைம் இருக்கா?” என்று கேட்டார்.

இல்லை. கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. சிலிகான் வாங்க ஆள் அனுப்பி, புது மோல்டு எடுத்து, ஊற்றிக் காயவைத்து முடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு விரலை வெட்டி எடுத்துருங்க. வெட்டின இடத்துல பெயின்ட் டச் பண்ணிட்டா முடிஞ்சுது.”

எனக்கும் அது சரியான யோசனையாகத்தான் பட்டது. சந்தோஷமாகவே போனை வைத்தேன்.

4. பிளாஸ்டிக் டப்பா

மறுநாளே ஆரம்பித்தோம். கலாவதி கட்டரில் விரலை நறுக்குவாள், நான் அரம் போட்டுத் தட்டையாக்குவேன், இன்னொரு பெண் பெயின்ட் தொடுவாள். நறுக்கிய விரல்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டோம். மதியத்துக்குள் டப்பா முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஏழுமலை வந்தார். நிர்மலா மேடம் ஃபீல்டுக்குப் போய்விட்டதால், எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், டப்பாவைப் பார்த்தார். அப்படியே நின்றார். “தோ வந்துடறேன்க்கா” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் கையைக் கவனித்துவிட்ட கலாவதி கட்டரைக் கீழே வைத்தாள். “அக்கா, நாம இன்னா பண்ணிட்டோம் பாரு” என்றாள் மெதுவாக.

நான் டப்பாவை மூடி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே போனேன். வேப்பமரத்து நிழலில் தன் டிவிஎஸ் மேல் சாய்ந்து நின்றிருந்தார்.

“மன்னிச்சிக்க ஏழுமலை. யோசிக்கவே இல்ல.”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. திடீர்னு பார்த்தனா, ஒரு மாதிரி ஆயிடுச்சி.” கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவராகவே சொன்னார். “பௌர்ணமி அன்னிக்குத்தான் ஆச்சி. கூட்டம் ஜாஸ்தி. ரோலர்ல சக்கை சிக்கிக்கிச்சி. மிஷினை நிறுத்தாம இழுத்தேன். அவ்ளோதான். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பதான் யாரோ வச்சிட்டுப் போன இந்த புக்கைப் படிச்சேன். அதுலயிருந்து விடாம வாங்கறேன்.”

பிறகு உள்ளே வந்து, முடித்து வைத்திருந்த ஒரு பொம்மையை எடுத்து வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? வெட்டுனது வெட்டுன மாதிரியே நிக்காது. இப்படித் தட்டையா இருக்காது. பாரு.”

கையை நீட்டினார். முதல் தடவையாக நான் அதை நேராகப் பார்த்தேன். விரல் இருந்த இடத்தில் தோலை இழுத்து மூடித் தைத்திருந்தார்கள். மேடு உருண்டையாக, வழவழப்பாக இருந்தது. ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது.

உடனே போய், குருக்களிடம் வாங்கி வந்திருந்த வால்யூமில் அறுபத்தொன்றாவது இதழை எடுத்துப் பார்த்தேன். படம் வரைந்தவர் இதைத்தான் போட்டிருந்தார். விரல் போன இடத்தில் ஒரு வளைந்த தகடு, சுற்றி நாலு ஆணி. ரேணு தன் கையால் அடித்துக் கொடுத்தது என்று கதையிலேயே இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை முந்தின நாள் மாடியிலேயே பார்த்தவள்தான். ஆனால் எத்தனை விரல் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

வேலையை மாற்றினோம். நறுக்கிய இடத்தில் பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் எபாக்சி புட்டியை உருட்டி வைத்து, தகடு மாதிரி அழுத்தி, ஊசி முனையால் நாலு ஆணி குத்தினோம். அது நேரம் பிடிக்கிற வேலை. ஏழுமலை அன்று சாயங்காலம்வரை இருந்தார். மறுநாள் அவரே வந்தார். மொத்தம் ஐந்து நாள் வந்தார். கட்டர் பக்கம் போகவில்லை. புட்டி அழுத்துவது அவர் வேலை. எங்களைவிட அவருக்கு நன்றாக வந்தது. எவ்வளவு உருண்டை இருக்க வேண்டும் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கலாவதியும் அவரும் ரேணு கல்யாணம் பண்ணிக்கொள்வாளா மாட்டாளா என்று பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். கலாவதி ராத்திரியில் பழைய இதழ்களைப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

5. வெட்டாத ஒன்று

ஐந்தாம் நாள் இன்னும் பத்துப் பதினைந்து பொம்மைதான் பாக்கி. ஏழுமலை கலாவதியைத் தடுத்தார்.

“ஒண்ணை வெட்டாத விடும்மா. எனக்குக் குடு.”

“உனக்கு மூணு விரல்ல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்பா” என்றேன் நான்.

“அதுவும் வேணும்க்கா. இதுவும் வேணும்.”

எதற்கு என்று கேட்டேன். கையிலிருந்த புட்டியைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“என் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே கை போயிடுச்சி. அவ பார்த்தது இந்தக் கையைத்தான். போன மாசம் கேக்கறா, ‘ஏம்ப்பா, நீ பொறக்கறப்பவே உனக்கு விரல் கம்மியா’ன்னு. நான் இல்லன்னுகூட சொல்லல. சாப்புடுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ரெண்டையும் பக்கத்துல வச்சேன்னா, இது முன்ன, இது பின்னன்னு மூட்டை கதையைச் சொல்லலாம். அதுலயிருந்து என் கதைக்கு வந்துடலாம்.”

கலாவதி ஒரு பொம்மையை எடுத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாமலே நான் போனேன். குருக்கள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஆணிகளை எண்ணினார். “நாலும் இருக்கு” என்று சொல்லி மூட்டையைத் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். காபிக் கடையிலிருந்து இறங்கும்போது ஏழுமலையிடம் வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன்.

“சொல்லிட்டேன்க்கா. முழுசாக் கேட்டா. அழுவாளோன்னு நெனச்சேன். ‘அப்ப மிஷினை நிறுத்திட்டுத்தான் சக்கையை எடுக்கணும் இல்லப்பா’ன்னா. தலையாட்டினேன். அவ்ளோதான், வெளையாடப் போயிட்டா.”

எடிட்டரிடமும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். எந்தப் பொம்மையானாலும், கப்பானாலும், முதல் சாம்பிள் செங்கம் ரோடு மாடிக்கு வந்து போன பிறகுதான் மொத்த வேலை ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. கப்பு நீலமாக வந்த பிறகு அவரே முந்திக்கொண்டு அனுப்ப ஆரம்பித்தார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாம்பிளை ஓகே சொல்கிறவரிடம் காட்டுவது கட்டாயம், காட்டுங்கள். ஆனால் அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைக்கப் போகிறவரிடமும் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். நான் மோல்டு போடுவதில் தப்புச் செய்யவில்லை. விரல் வெட்டியதிலும் அளவு பிசகவில்லை. ஆனால் ஒரு மனிதர் அப்படியே திரும்பி வெளியே போய் நின்ற பிறகுதான், நான் வெட்டிக்கொண்டிருப்பது கை என்பதே எனக்கு உறைத்தது.