அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்

கேரளத்தில் குன்னங்குளம் பக்கத்தில் வாறுண்ணி கூப்பிடாமல் ஒரு கூட்டமும் கூடியதில்லை. மாதா கோயில் பெருநாள், பகவதி கோயில் பூரத் திருவிழா, சர்க்கஸ், துணிக்கடைத் திறப்பு, இரண்டு கட்சிகளின் மாநாடு என்று எதுவானாலும் ஜீப்பின் முன்சீட்டில் மைக்கோடு அவன், ஸ்டியரிங்கில் நான். இருபத்திரண்டு வருஷம். எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த ஒரு வரி தேனாக வரும்: "அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்!"

கொரோனா வந்தது. பூரமும் இல்லை, பெருநாளும் இல்லை. செண்டை மேளக்காரர்கள் மீன் விற்றார்கள், பந்தல்காரர் முகக்கவசம் தைத்தார். துபாயிலிருந்து வந்தவன் வீட்டுக்கு அத்தர் கேட்டு ஓடுகிற சொந்தக்காரர்கள், அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனார்கள். கூட்டமே கூடாது என்றால் கூட்டம் சேர்க்கிறவன் என்ன செய்வான்? இரண்டு மாதம் வாறுண்ணி கப்பைக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு, மனைவி ரோசிலியிடம் திட்டும் வாங்கிக்கொண்டு கிடந்தான்.

பிறகு பஞ்சாயத்தே கூப்பிட்டது. யாரும் வெளியே வரக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமாம். வாறுண்ணி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். டீசல் வாசனை பட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சந்தை முக்கில் முதல் அறிவிப்பு. "வீட்டைவிட்டு வெளியே வருவோர்மீது வழக்குப் பதிவு செய்யப்படும். அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்!"

பிரேக்கை மிதித்தேன். "யோவ், கேஸ் வாங்கிக்க வரச் சொல்றியா?"

"வாய்ல வந்துடுச்சுய்யா. பழக்கம்."

அதற்குள் எல்லாக் கேட்டிலும் ஆள் நின்றது. அடைந்துகிடந்த ஊருக்கு எங்கள் ஜீப்தான் பூரம். "வாறுண்ணிச் சேட்டா, அந்தக் கடைசி வரி இன்னொரு தடவை!" என்று பெண்கள் கத்தினார்கள். மறுநாள் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த வரியை விழுங்கினான். கூட்டம் மட்டும் குறையவில்லை.

மூன்றாம் நாள் எஸ்.ஐ. மறித்தார். "வராதேன்னு சொல்ற குரலாய்யா இது? கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"கடுமையாச் சொல்லிடறேன் சார். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

எடுக்கவில்லை, குரலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்காரவைத்து, மிரட்டலாக நாலு தடவை பேசச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்தார்கள். வேலை நிலைத்ததென்று நம்பி பாவி உயிரைக் கொடுத்துப் பேசினான். மறுநாள் அந்தக் குரல் மட்டும் ஓர் ஆட்டோவில் ஏறிப் போனது. ஜீப்பும் வேண்டாம், நாங்களும் வேண்டாம்.

ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தபோது என் எதிர்வீட்டிலிருந்து வாறுண்ணி கேட்டைத் திறந்து நடுரோட்டுக்கே வந்துவிட்டான். தன் குரலைத் தெருவில் நின்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"உள்ள வா மனுஷா! அந்தாளு சொல்றது காதுல விழலையா?" என்றாள் ரோசிலி.

பின்னாலேயே வந்த போலீஸ்காரர் வெளியூர்க்காரர், ஆளைத் தெரியவில்லை. நோட்டை எடுத்தார். எங்கள் வார்டில் அதுதான் முதல் வழக்கு.

"பேரு?"

"வாறுண்ணி."

"என்ன தொழில்?"

முக்கில் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டோவை வாறுண்ணி கைகாட்டினான்.

"அதோ போகுது சார்."