பூட்டியிருந்த பதினேழாம் வீடு

விழுப்புரம் பேருந்து நிலையத்தில், திண்டிவனம் பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு அந்த அழைப்பு வந்தது. "சார், லூர்துமேரி தம்பி பேசறேன். அக்கா காலையில போயிட்டாங்க. சாயந்தரம் எடுக்கறோம், வந்துடுங்க." வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் அவர் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்னால், ஒரு கதவில் தொங்கிய பூட்டு நினைவுக்கு வந்தது. அந்தப் பூட்டைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு அருகதை இல்லை.

நம் கல்லூரியின் புள்ளியியல் துறையில் அவரும் நானும் பன்னிரண்டு வருடம் எதிரெதிர் மேசை. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. காலைச் சிறப்பு வகுப்புக்கு வந்த மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், அதனால் வகுப்பு பலன் தந்தது என்று ஒரு கூட்டத்தில் முதல்வர் பெருமையாகச் சொன்னார். இவர் எழுந்தார். "தானா வந்த பசங்க சார் அவங்க. வகுப்பே வைக்கலன்னாலும் படிச்சிருப்பாங்க. யார் வரணும்னு சீட்டு குலுக்கிப் போடுங்க, அப்புறம் பேசலாம்." முதல்வரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் மேசைக்கு அடியில் லூர்துமேரியின் காலை மிதித்தேன். வெளியே வந்ததும் எனக்கும் கிடைத்தது. "மனுஷன் கை தானா சுலபமான பக்கம் போவும் சார். அதுக்குத்தான் சீட்டு."

விடைத்தாள் திருத்துவதிலும் அப்படித்தான். ஒரு மாணவி கணக்கையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் 'இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காக மதிப்பெண்ணை வெட்டினார். பாவம், போடுங்கள் என்று நான் பரிந்து பேசினேன். "வித்தியாசம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் பத்தலன்னு எழுதட்டும், போடறேன். இல்லவே இல்லன்னு சொல்ல இவ யாரு?" என்றார். ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒலக்கூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் தெருவில் பலருக்குக் கால் வீங்குகிறது, கிட்னி கெட்டுப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது உண்மையா என்று பார்த்துச் சொல்ல ஊராட்சியிலிருந்து நம் துறையைக் கேட்டார்கள். அந்தத் தெருவையும், பழைய கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் தெருவையும் ஒப்பிட முடிவு செய்தோம். வீடுகளை லூர்துமேரி சீட்டு குலுக்கி எடுத்தார். எடுத்து முடித்ததும், "ஆழ்துளைக் கிணத்துத் தெருவுக்கு நீங்க போங்க சார். அது எங்கம்மா இருக்கற தெரு. நானும் இப்ப அங்கதான் இருக்கேன். நான் கேட்டா எனக்கு வேண்டிய பதிலத்தான் கேப்பேன். எங்க வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியவும் கூடாது," என்றார்.

நான் போன நாள் அமாவாசை. பட்டியலில் இருந்த பல வீடுகள் பூட்டியிருந்தன. பதினேழாம் எண் வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "அம்மாசை ஆச்சே சார், பாதித் தெரு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கும். எதுக்கு பேஜாரு? எங்கள எழுதிக்கினு போங்க." எனக்கு விழுப்புரம் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். பதினேழை அடித்துவிட்டு அவரை எழுதிக்கொண்டேன். பூட்டியிருந்த மற்ற வீடுகளுக்கும் அதே வைத்தியம்தான். பதினேழாம் வீட்டு நிலைக்கு மேல் ஒரு சிலுவை ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். சிலுவை ஒட்டிய வீட்டுக்காரர்கள் அமாவாசைக்கு மேல்மலையனூர் போக மாட்டார்களே என்று புத்தியில் படவில்லை.

தன் பங்குக்கு வந்த தெருவில், பூட்டியிருந்த வீடுகளுக்கு லூர்துமேரி மூன்று முறை திரும்பிப் போனார். இரண்டு பட்டியலையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. அறிக்கையை நான்தான் எழுதினேன். 'இரண்டு தெருக்களுக்கும் வித்தியாசம் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் என் மூலப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு அடித்த வரியில் விரலை வைத்தார்.

"இந்தப் பதினேழு எங்க வீடு சார். அன்னைக்கு அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருந்தேன். மத்த வீட்டுக்காரங்களும் பாதிப் பேர் அங்கதான் வரிசையில நின்னுக்கினு இருந்தாங்க. நல்லா இருக்கறவங்கதான் வீட்ல இருந்திருக்காங்க. அவங்களத்தான் நீங்க எழுதிக்கினு வந்திருக்கீங்க."

மறுபடி எடுக்கலாம் என்று துறைத் தலைவரிடம் போனார். அறிக்கை போய்விட்டது, விடுங்கள் என்றார் தலைவர். நான் பக்கத்தில்தான் நின்றேன், தவறு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆழ்துளைக் கிணற்றை மூடும் பேச்சு அத்தோடு நின்றது. அந்த வருடமே அவருடைய அம்மா இறந்தார்.

பிறகு ஒரு நாள் மதியம், வகுப்புக்கு மணி அடித்த பிறகும் லூர்துமேரி எழாமல் மேசைக்கு அடியில் எதையோ செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கழற்றிவிட்ட செருப்புக்குள் கால் நுழையவில்லை. இரண்டு பாதமும் வீங்கி அதைத்துப் பளபளத்தன. "மேடம், அந்தத் தண்ணியா?" என்றேன்.

"ஒரு ஆள வெச்சு முடிவு சொல்லக் கூடாது சார். அந்த ஆளு நானா இருந்தாலும்," என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வகுப்புக்குப் போனார். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அவர் மேசை காலியாக இருந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை, டயாலிசிஸ் என்று தெரிந்ததால்.

லூர்துமேரியின் அடக்கம் முடிந்து அந்தத் தெரு வழியாகத் திரும்பினோம். அன்று அமாவாசை இல்லை. பூட்டியிருந்த வீடுகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். பதினேழாம் வீட்டைப் பூட்டி அவர் தம்பி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மா எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்க சார், மூஞ்செல்லாம் வாடிப்போச்சு." அவர் நின்ற கால்களைப் பார்த்தேன். அன்று நான் நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனவரின் கால்கள். அவையும் வீங்கியிருந்தன. எனக்கு நாக்கு வறண்டிருந்தது, ஆனாலும் சொம்பை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். வித்தியாசம் இல்லை என்று எழுதிய கைதான் அது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார்.

என் தவறைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். லூர்துமேரியிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது, சீட்டு குலுக்கி அவர் கைப்பட எழுதிய அந்தப் பட்டியல். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறேன், நான் அடித்த வீடுகள் திறக்கும்வரை போவேன். பதினேழுக்கு நேராகப் பக்கத்து வீட்டை எழுதியிருந்ததை அடித்துவிட்டு, லூர்துமேரி என்று எழுதியிருக்கிறேன்.