முதலில் ஏறிய கல்

சங்கரன்கோவிலில் மனைவியின் தாய்வீட்டிலிருந்து புளியங்குடிக்குப் பிள்ளையை எதில் வைத்துக் கொண்டுபோவது என்று ஒரு வாரமாகப் பேச்சு நடந்தது. மூன்று மாதம் முடிந்ததும் இருவரையும் அனுப்பிவைப்பதாக அத்தை சொல்லியிருந்தார்.

மனைவிக்குத் தூளித் துணிதான் பிடித்திருந்தது. தோளில் மாட்டி, வளையத்தில் இழுத்து இறுக்கிக்கொள்ளும் துணி. அதற்குள் போட்டதும் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிவிடும். காரிலும் அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொள்வேன் என்றாள். தோழி ஒருத்தி கொடுத்த, முன்னால் மாட்டும் பை ஒன்றும் இருந்தது. பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. பை ஆணியிலேயே தொங்கியது. நான், பிள்ளையை வாரால் கட்டிப் படுக்கவைக்கும் கார் சீட்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டால் சொல்ல முடியவில்லை.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஓட்டுநராகி, எங்கெங்கோ கிடந்து, இப்போது புளியங்குடியில் ஒரு எலுமிச்சை வியாபாரியிடம் வண்டி ஓட்டுகிறேன். சாலையில் பார்த்ததையெல்லாம் சுமந்துகொண்டு ஓட்ட முடியாது. பெரும்பாலும் மறந்துவிடும். ஒன்று மட்டும் போகவில்லை.

கிளீனராக இருந்தபோது, விருதுநகர் தாண்டி, விடிந்த நேரத்தில் ஒரு கார் பாலக் கட்டையில் மோதிக் கிடந்தது. நாங்கள்தான் முதலில் போனோம். முன்சீட்டில் இருந்த பெண்ணுக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். இறக்கி ஓரமாக உட்காரவைத்தோம். இரண்டு கைகளையும் வளைத்து, மடியில் பிள்ளை இருப்பது போலவே உட்கார்ந்தாள். மடியில் ஒன்றும் இல்லை. “கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்” என்றாள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். அழவில்லை. எங்கள் ஓட்டுநர் என் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு காருக்கு முன்பக்கம் போனார். அந்தத் துண்டு திரும்பி வரவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டில் இதைச் சொல்ல முடியுமா? சாவுப் பேச்சு பச்சைப் பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும் என்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று தெரியாது. ஆனாலும் வாய் வரவில்லை. ரூல்ஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

“லைசென்ஸ் இல்லாம லாரி ஓட்டுன ஆளு ரூல்ஸ் பேசுதாரு” என்று மனைவி சிரித்தாள்.

அழைத்துப்போகும் நாளில் முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி, பின்சீட்டில் புதுச் சீட்டை மாட்டிக்கொண்டு போனேன். கைக்குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். சீட் பின்னோக்கி இருந்ததைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை. அது காலியாக வந்ததுதான் குற்றம்.

“வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டே வந்திருக்கிய மாப்ள. இதுல எப்படிப் பிள்ளயப் போடுதது?”

வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது. புளியங்குடியிலிருந்து வழி முழுக்க நான் அதைத்தான் செய்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அத்தை அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் தடவி, துண்டில் சுற்றி எடுத்துவந்தார். பெயர் வைத்த அன்றும் தொட்டிலில் முதலில் அதைத்தான் போட்டார்கள். ஆகாதது ஏதும் இருந்தால் கல்லோடு போய்விடும். குழவியைச் சீட்டில் கிடத்தி, வாரை என்னையே மாட்டச் சொன்னார். தேரடிப் பிள்ளையாருக்கு விடலை உடைத்துவிட்டு வரலாம் என்று, தேங்காயை மடியில் பிடித்துக்கொண்டு சீட்டுக்குப் பக்கத்தில் ஏறினார்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ கை காட்டாமல் திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. தேங்காய் அத்தையின் கையை விட்டுப் பறந்து, முன்சீட்டின் முதுகில் இடித்துக் கீழே உருண்டது. குழவி வைத்த இடத்தில் இருந்தது.

அத்தை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்” என்றார்.

என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அத்தை என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

“இப்படி எங்கயோ பாத்திருக்கிய, என்ன மாப்ள?”

தலையை ஆட்டினேன். என்ன, யார் என்று அவர் கேட்கவில்லை.

“அவகிட்ட சொல்லிராதிய.”

விடலை போட்டுத் திரும்பினோம். அத்தை குழவியை எடுத்துவிட்டு, பிள்ளையை அந்தச் சீட்டில் போடச் சொன்னார். இதுவரை தன் பக்கம் பேசிய அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று மனைவி விழித்தாள். “சொன்னதச் செய்யிட்டி” என்பதோடு பேச்சு முடிந்தது.

புளியங்குடி ரோட்டில் வெயில் நேர் முகத்தில் அடித்தது. பிள்ளை பின்பக்கம் பார்த்துத் தூங்கியதால் கண்ணாடியில் எனக்கு அதன் முகம் தெரியவில்லை. மனைவி மட்டும்தான் தெரிந்தாள். தூளித் துணியை மாட்டிய தோளோடு அவளும் கண்ணயர்ந்திருந்தாள். மூன்று மாதப் பழக்கத்தில் இரண்டு கைகளும் மடியில் வளைந்து கிடந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

கண்ணாடியைத் திருப்பி வைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

“ஏட்டி” என்று எழுப்பினேன். “கைய எடுத்துப் பிள்ள மேல வை.”

“ஏன், தூங்கத்தான செய்யுதான்?”

“சும்மா வை.”

வைத்தாள்.